கோழிக்குஞ்சு வாயைப் பிளந்தால்…

'கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?' என்று கேட்பார்கள் நம் ஊரில். சாகாதுதான். ஆனால் சளியிலும் கழிச்சலிலும் ஒரே வாரத்தில் அத்தனையும் செத்துப்போகும். பெங்களூரில் கொல்லையிலும் மாடியிலும் நாலு கோழி வளர்க்கும் நம்மவர் பலர் உண்டு. இங்கே ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரியில் உருவான கிரிராஜா, சுவர்ணதாரா இனங்களை வாங்குகிறோம். ஊருக்குப் போய்வரும்போது நாட்டுக்கோழிக் குஞ்சுகளையும் கூடையில் கொண்டுவருகிறோம். குஞ்சு சுணங்கினால் "சீக்கு வந்துடுச்சு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சீக்கு ஒன்றல்ல, பல. அவற்றை எப்படிப் பிரித்தறிவது என்று நான் படித்தும் பார்த்தும் அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூச்சு. குஞ்சு வாயைத் திறந்து இரைப்பதெல்லாம் நோயாகாது. சித்திரை வெயிலில் இறக்கையை விரித்து இரைக்கும். நிழலும் தண்ணீரும் கிடைத்தால் சற்று நேரத்தில் தேறிவிடும். தேறாவிட்டால் இரவில் கூடு அடங்கியபின் குஞ்சைக் காதருகே பிடித்துக் கேளுங்கள். 'கொர் கொர்' என்று சத்தம், மூக்கில் நீர், கண்ணில் நுரை இருந்தால் நாள்பட்ட சுவாச நோயாக இருக்கலாம். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி இதற்குக் காரணம். முகம் வீங்கி, மூக்குச்சளி நாறினால் அது கொரைசா எனப்படும் தொற்றுச்சளி. சத்தமே இல்லாமல் சின்னக் குஞ்சுகள் மூச்சுக்குத் திணறினால், கீழே போட்ட வைக்கோலையோ உமியையோ முகர்ந்து பாருங்கள். பூஞ்சை பிடித்திருந்தால் அதன் வித்துகள் நுரையீரலில் இறங்கியிருக்கும்.

கழுத்தை நீட்டி நீட்டிக் கொட்டாவி விடுவதுபோல் வாயைப் பிளந்து, தலையை உதறுகிறதா? மூச்சுக்குழாய்ப் புழுவைச் சந்தேகிக்கலாம். ஆணும் பெண்ணும் ஒட்டியே கிடக்கும் சிவப்புப் புழு இது. மண்புழுவைக் கொத்தித் தின்னும்போது உள்ளே போகும். பார்வைக்குச் சளி மாதிரி தெரிந்தாலும், இதற்கு வேண்டியது குடற்புழு நீக்க மருந்துதான்.

அடுத்தது எச்சம். காலையில் கூட்டைக் கூட்டுமுன் அதைப் பார்ப்பது பாதி வைத்தியம். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சு கூனிக்குறுகி நின்று, இரத்தம் கலந்து கழிந்தால் அது இரத்தக்கழிச்சல். காக்சிடியா எனும் ஒட்டுண்ணியின் வேலை. அதன் முட்டைகள் ஈரத் தரையில் இரண்டே நாளில் தொற்றும் பக்குவம் அடைகின்றன. நம்ம ஊர் ஆடி மழைக்கு ஈரமான உமியை அன்றன்றே மாற்றாவிட்டால் ஆபத்து. இதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து உண்டு. அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நன்றாகத் தின்றும் எடை கூடாமல், கொண்டை வெளுத்துப்போனால் குடற்புழுவாக இருக்கலாம். இரவில் இரத்தம் குடிக்கும் உண்ணியாகவும் இருக்கலாம். உண்ணி பகலில் உடம்பில் இராது, கூட்டின் மர இடுக்கில் ஒளிந்திருக்கும். ஆகவே இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள்.

பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, மூச்சுத் திணறி, கழுத்து முறுக்கிக்கொண்டால் அது ராணிக்கெட், நம் பாட்டிமார் சொன்ன வெள்ளைக்கழிச்சல். இது வைரஸ் நோய், வந்தபின் மருந்தில்லை. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ விடும் சொட்டுத் தடுப்பு மருந்தே காவல். எட்டு வாரத்தில் ஊசியும் போடவேண்டும்.

மனிதர் மாத்திரையைக் கால்வாசி உடைத்து ஊட்டுவது ஏன் பயன்படாது என்பது இப்போது விளங்கும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்து புழுவையும் கொல்லாது, வைரசையும் கொல்லாது. முட்டைக் கோழிக்குக் கொடுத்தால் மருந்தின் மிச்சம் முட்டை வழியே நம் பிள்ளைகளுக்குப் போய்ச் சேரும்.

ஒரு குஞ்சு மட்டும் வாடினால் தனியே பிரித்து வையுங்கள். இரண்டு மூன்று நாளில் பல செத்தால் நாமாக வைத்தியம் பார்க்கக் கூடாது. 2012 அக்டோபரில் ஹெசரகட்டாவிலுள்ள மத்திய அரசின் கோழிப்பண்ணையில் வான்கோழிகளுக்கும், 2018 ஜனவரியில் தாசரஹள்ளியில் கோழிகளுக்கும் பறவைக்காய்ச்சல் கண்டது நினைவிருக்கலாம். செத்ததை அறுக்கவும் வேண்டாம், 'வீணாப் போகுதே' என்று குழம்பு வைக்கவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல், அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். நாலு கோழி வளர்ப்பவர் கேட்டாலும் அவர்கள் பதில் சொல்வார்கள். கேட்கத்தான் நாம் தயங்குகிறோம்.