திங்கட்கிழமை இரைப்பு

தேவதானத்தில் நெல்லும் மாவும் விளைகின்றன. அருகே இராசபாளையத்தில் நூற்பாலைகளும், சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் தறிகளும் உள்ளன. சங்கக் கணக்குகளைப் பார்வையிட இப்பக்கம் செல்லும்போது, யாருக்கு மூச்சு இரைத்தாலும் அதனைப் பரம்பரை இழுப்பு என்றே சொல்லக் கேட்கிறோம். எல்லா இரைப்பும் ஒன்றன்று.

ஆஸ்துமாவில் மூச்சுக் குழல்களின் தசை இறுகி, உட்சவ்வு வீங்கி, சளி அடைக்கிறது. புகை, தூசி, மகரந்தம், குளிர் ஆகியவை அதனைத் தூண்டும். இரவிலும் விடியலிலும் மிகுந்து வருத்தும். உறிஞ்சும் மருந்து பழக்கமாகிவிடும் என்னும் அச்சம் வீண்.

பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் வேறு. தொடக்கத்தில் விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மட்டும் மார்பை இறுக்கும். வாரம் செல்லச் செல்லத் தணியும். பழியோ ஞாயிற்றுக்கிழமை உண்ட விருந்தின்மேல் விழுகிறது! திங்கட்கிழமைக் கூலியும் போகிறது. ஆண்டுகள் பல சென்றால் எல்லா நாளும் இரைக்கும். அப்போது நுரையீரலுக்கு நேர்ந்த பழுது நீங்காது. பீடி அதனை இன்னும் கடுமையாக்கும். புளோ ரூம், கார்டிங் பகுதிகளிலேயே தூசி மிகுதி. முகத்தில் துண்டு கட்டினால் நுண்தூசி நிற்காது; இயந்திரத்தின் அருகிலேயே அதனை உறிஞ்சி அகற்றும் குழாய்கள் வேண்டும்.

வைத்தியரிடம் செல்லும் அங்கத்தினர் தம் தொழிலையும், எந்தக் கிழமையில் இரைக்கிறது என்பதையும் முதலிற் சொல்லுக. சொல்லாவிடில் இருமல் மருந்தோடு திரும்ப நேரும். இதனைத் தொழில் நோயெனச் சட்டம் ஏற்றிருப்பதால் ஈட்டுறுதி பெற்ற ஆலைத் தொழிலாளி நிவாரணம் கோரலாம். வீட்டில் தறி ஓட்டுபவருக்கு அவ்வழி பெரும்பாலும் இல்லை என்பது நம் மனத்தை உறுத்துகிறது.