சிக்னல் கிடைக்காத தெரு: குறையைப் பதிவு செய்யப் பழகுவோம்

கல்வி உதவித்தொகை, ஹஜ் விண்ணப்பம், வருமானச் சான்றிதழ், வங்கி ஓ.டி.பி. என நம் வீட்டுக் காரியங்கள் பலவும் இன்று கைப்பேசியைச் சார்ந்தே நடக்கின்றன. வளைகுடாவில் உழைக்கும் தகப்பன் பிள்ளைகளின் முகம் பார்ப்பதும் அதில்தான். விண்ணப்பத்தின் கடைசி நாளில் ஓ.டி.பி. வராமல் போனால், ஒரு மாணவி அந்த ஆண்டின் உதவித்தொகையையே இழக்க நேரிடும். நாமோ, "எங்க தெருவுல டவர் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறப் பழகிவிட்டோம்.

மேலூர் சொல்லும் பாடம்

இந்த விஷயத்தில் மதுரை மாவட்டத்துக்கு ஒரு முன் அனுபவம் உண்டு. 2001 நவம்பரில் மேலூர் வட்டத்துக் கிராமங்களில் 'சாரி' என்ற திட்டத்தின் கீழ் இணைய மையங்கள் திறக்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் உருவாக்கிய 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம், சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்கு இணைப்பைக் கொண்டுபோனது. கிராமத்தில் இருந்தபடியே தாலுகா அலுவலகச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தார்கள். கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெற்றார்கள்.

சில ஆண்டுகளில் அம்மையங்களில் பல மூடப்பட்டன. போதிய வருமானம் இல்லை. மையம் நடத்தியவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சியும் உதவியும் கிடைக்கவில்லை. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாறியதும் அரசு சேவைகளும் நின்றன. ஆக, இணைப்பு வந்து சேர்வது பாதி வேலைதான். அதைக் கேட்டு, கவனித்து, தொடர்ந்து நடத்த ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

சிக்னல் ஏன் வருவதில்லை?

காஜிமார் தெரு, நெல்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் டவர் அருகில் இருந்தாலும், அடுத்தடுத்து நிற்கும் கான்கிரீட் சுவர்கள் அலையை மங்கச் செய்கின்றன. அதிர்வெண் கூடக் கூட, சுவரைக் கடக்கும் திறன் குறையும். மாலையில் எல்லோரும் ஒரே டவரைப் பயன்படுத்தும்போது வேகமும் பங்கு போகிறது. கிராமப்புறத்தில் சிக்கல் வேறு. பாரத்நெட் திட்டத்தில் தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் பணி தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகத்திடம் உள்ளது. ஆனால், ஊராட்சி அலுவலகம் வரை வந்த கம்பி தானாக நம் வீட்டுக்குள் வந்துவிடாது.

நாம் செய்யக்கூடியவை

முதலில், வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் கைப்பேசியில் 'வைஃபை காலிங்' வசதியை இயக்குங்கள். டவர் எட்டாத கீழ்த்தள அறையிலும் பேச முடியும்.

இரண்டாவது, சிம் வாங்கும் முன் அந்தந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள சேவை வரைபடத்தைப் பாருங்கள். டிராய் 2024இல் கொண்டுவந்த தர விதிமுறைகளின்படி, நிறுவனங்கள் இதை வெளியிட்டாக வேண்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்ற, 'போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லோடு உங்கள் எண்ணைச் சேர்த்து 1900க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். இப்போதைய நிறுவனத்தில் 90 நாள்கள் முடிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, குறையைப் பதிவு செய்யுங்கள். கைப்பேசி நிறுவனத்தின் 198 என்ற எண்ணை அழைத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். தீர்வு திருப்தி தராவிட்டால், 30 நாள்களுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 39 நாள்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். அதன் பிறகும் நியாயம் கிடைக்கவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்திருக்கிறது.

நான்காவது, மாவட்ட அளவில் 24 மணி நேரத்துக்கு மேல் சேவை முடங்கினால் போஸ்ட்பெய்டு வாடிக்கையாளருக்கு வாடகைக் கழிவும், பிரீபெய்டு வாடிக்கையாளருக்குக் கூடுதல் செல்லுபடி நாள்களும் தர வேண்டும் என்கின்றன புதிய விதிகள். இது சலுகை அல்ல, உரிமை.

ஒருவராக அல்ல, தெருவாக

ஒரு வீட்டின் புகாரைத் தனிப்பட்ட கோளாறு என்று ஒதுக்கிவிடலாம். ஒரே தெருவிலிருந்து நாற்பது புகார் எண்கள் போனால் அப்படி ஒதுக்க முடியாது. நம் ஜமாஅத்துகள் இதற்கென்று படித்த இளைஞர்கள் இருவரைப் பொறுப்பாக்கலாம். எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்த நிறுவனத்தின் சேவை கிடைக்கவில்லை என்று ஒரு நோட்டில் குறித்துவந்தாலே அது வலுவான ஆதாரம். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களின் புகாரையும் அவர்களே பதிவு செய்து தரலாம்.

2020 டிசம்பரில் மத்திய அரசு ஒப்புதல் அளித்த பி.எம்.வாணி திட்டத்தில், ஒரு சிறு டீக்கடைக்காரரும் உரிமம் இல்லாமல் பொது வைஃபை சேவை வழங்கலாம். பள்ளிவாசல் அருகே உள்ள நூலகத்திலோ கடையிலோ இதைத் தொடங்கினால், வீட்டில் இணைப்பு எடுக்க வசதியில்லாத பிள்ளைகள் படிக்க உதவும். ஆனால், பழுதானால் யார் பார்ப்பது, மாதக் கட்டணத்தை யார் கட்டுவது என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும். மேலூரில் கற்ற பாடம் அதுதான்.

இன்று மாலை சிக்னல் போனால், மாடிக்கு ஏறுங்கள்; ஏறியதும் முதல் அழைப்பு 198க்குப் போகட்டும்.