கம்பியை பிடிச்சு நின்னாலே கால் நடுங்கும்! "பாரே" வகுப்புக்கு முதல் நாள் போறவங்க கவனத்துக்கு...

கோவை: ஜிம், ஏரோபிக்ஸ், ஜூம்பா வரிசையில் பெரிய ஊர்களில் இப்போது காதில் விழும் பெயர் "பாரே". இடுப்பு உயரத்தில் சுவரோரமாக ஒரு கம்பி. அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே செய்யும் உடற்பயிற்சி. பார்த்தால், "ப்பூ... இவ்வளவுதானா" என்று தோன்றும். ரெண்டே நிமிஷத்தில் தொடை தந்தி அடிக்க ஆரம்பித்துவிடும்!

இங்கே ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை பார்க்கும் நம்ம சித்தப்பா மகளுக்கு, கடைக்கு பக்கத்து மகளிர் ஜிம்மில் ஒரு நாள் இலவசமாக வரச் சொல்லி நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். உடனே போன்.

"ஏண்ணா, பொழுதனைக்கும் நின்னுட்டேதான இருக்கோம். இதுல காசு கட்டி வேற நிக்கோணுமா?"

கேள்வி நியாயம்தான். அதனால் விசாரித்ததை எல்லாம் அப்படியே தருகிறோம்.

லண்டன் அம்மணி கண்டுபிடிச்சது

இதை தொடங்கியவர் லாட்டி பெர்க் என்ற நடனப் பெண்மணி. ஜெர்மனியில் பிறந்த யூதர். ஹிட்லர் கொடுமைக்கு தப்பி லண்டன் போனவர். முதுகில் அடிபட்ட பிறகு, நடனப் பயிற்சியையும் முதுகு வலிக்கான பயிற்சியையும் கலந்து இதை உருவாக்கி, 1959-ல் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் வகுப்பு ஆரம்பித்தார். 1971-ல் அவருடைய மாணவி ஒருவர் நியூயார்க்குக்கு கொண்டு போனார். பாலே நடனக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் கம்பிக்கு பிரெஞ்சில் "பார்" என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இது. ஆனால் நடனம் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

சும்மா நிக்கிறது வேற, இது வேற

ஒரே இடத்தில் அசையாமல் நின்றால், கீழே இறங்கிய ரத்தம் மேலே ஏற சிரமப்படும். கெண்டைக்கால் சதை சுருங்கி விரியும்போதுதான் அது பம்பு மாதிரி ரத்தத்தை மேலே தள்ளும். நாள் முழுக்க நிற்பவர்களுக்கு கால் வீங்குவதும் நரம்பு சுருட்டிக்கொள்வதும் அந்த பம்பு ஓடாததால்தான். பாரேயில் குதிகாலை தூக்கி இறக்குவதே நூறு தடவை வரும். பம்பு நன்றாக ஓடும்.

(கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டம் திருத்தியாச்சு. அதை கேட்பதை விட்டுவிட்டு பாரே செய்தால் போதும் என்று யாரும் நினைக்க வேண்டாம்.)

ஏற்கனவே நரம்பு சுருட்டல் அதிகமாகி புண் வந்தவர்கள், காலில் ரத்தக்கட்டி இருந்தவர்கள் டாக்டரை கேட்காமல் போகவே கூடாது. கர்ப்பிணிகள், சிசேரியன் ஆகி சில மாதமே ஆனவர்கள், மூட்டு தேய்மானம், பி.பி. உள்ளவர்களும் அப்படியே. அதோடு, வகுப்பு தொடங்கும் முன்பே டீச்சரிடம் சொல்லிவிட வேண்டும். "எல்லார் முன்னாடியும் எப்படி சொல்றது" என்று வெட்கப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான். கால் மணி நேரம் முன்னதாக போனால் தனியாக சொல்லலாம்.

என்ன போட்டுக்கிட்டு போறது?

உடம்போடு ஒட்டிய லெக்கின்ஸ், இடுப்பை தாண்டி இறங்கும் டி-சர்ட் போதும். விலை உயர்ந்த துணி தேவையில்லை. தொளதொள பேன்ட் என்றால் முட்டி எப்படி மடங்குகிறது என்று டீச்சருக்கு தெரியாது. துப்பட்டா வேண்டாம், கம்பியில் சிக்கும். ஷூ கிடையாது. வெறுங்கால், இல்லாவிட்டால் அடியில் ரப்பர் புள்ளி வைத்த சாக்ஸ். சாதா நைலான் சாக்ஸ் போட்டால் வழுக்கிவிடும்.

வயிறு முட்ட சாப்பிட்டுவிட்டு போகாதீர்கள். சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் ரெண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஒரு மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடலாம். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரலாம். பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும்.

எங்க நிக்கணும்?

இதுதான் யாரும் சொல்லித்தராத விஷயம். புதுசு என்றால் ஓரமாக போய் ஒளிந்துகொள்வோம். ஆனால் பாதியில் "திரும்புங்க" என்பார்கள். அப்போது ஓரத்தில் இருப்பவர்தான் முதல் ஆள், பார்த்து செய்ய முன்னால் யாரும் இருக்க மாட்டார்கள்! அதனால் கம்பியின் நடுவில் நில்லுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒருத்தர் இருப்பார்.

கம்பியை பஸ் கம்பி மாதிரி தொங்கிப் பிடிக்க வேண்டாம். விரல் மேலே இருந்தால் போதும். தொங்கினால் எடை கைக்கு போய்விடும், காலுக்கு வேலை இருக்காது.

டீச்சர் "பிளியே" என்றால் முட்டியை மடக்கி இறங்க வேண்டும். பரதநாட்டிய அரைமண்டியை பார்த்தவர்களுக்கு சட்டென்று புரியும். "ரெலெவே" என்றால் குதிகாலை தூக்குவது. "பல்ஸ்" என்றால் மடங்கிய நிலையிலேயே ஒரு இஞ்ச் மேலே, ஒரு இஞ்ச் கீழே. அழ வைப்பது இந்த பல்ஸ்தான். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னால் இடுப்பிலிருந்து திருப்புங்கள். முட்டியை மட்டும் முறுக்கினால் வலியை விலைக்கு வாங்கினது மாதிரி. முட்டி எப்போதும் கால் விரல் பார்க்கும் பக்கமே பார்க்க வேண்டும். மூச்சை அடக்காதீர்கள்.

தொடை நடுங்கினால் பயம் வேண்டாம், சதை களைத்துவிட்டது என்று அர்த்தம். நிமிர்ந்து நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி சேரலாம். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ, மரத்துப்போனாலோ, தலை சுற்றினாலோ, நெஞ்சு அடைத்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

முதல்லயே வருஷத்துக்கு பணம் கட்டாதீங்க

"பத்து நாளில் பத்து கிலோ" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாரே சதையை பலமாக்கும், நிற்கும் விதத்தை சரி செய்யும். வாரத்துக்கு 150 நிமிஷமாவது வேக நடை மாதிரி உடற்பயிற்சி வேண்டும், அது போக ரெண்டு நாள் சதைக்கு வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாரே அந்த ரெண்டாவது கணக்குக்கு சரி. நடையை விடக்கூடாது. நம்ம நண்பர் ஒருத்தர் ஒரு ஜிம்மில் வருஷ சந்தாவை மொத்தமாக கட்டிவிட்டு நாலே நாள் போனார். ஒரு வகுப்பு பார்த்துவிட்டு மாதக் கணக்கில் கட்டினால் போதும்.

காசே வேண்டாம் என்றாலும் வழி இருக்கு. இடுப்பு உயர ஜன்னல் கம்பி போதும். பிளாஸ்டிக் நாற்காலியை பிடித்து செய்யாதீர்கள், சாய்ந்துவிடும். சமையல் மேடை என்றால் தரை ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வலி மறுநாள்தான் தெரியும். ரெண்டு, மூணு நாள் மாடிப்படி இறங்க கஷ்டமாக இருக்கும், தானாக சரியாகிவிடும். ஆனால் தாங்க முடியாத வலியோடு சிறுநீர் காபி நிறத்தில் போனால், வீட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு போக வேண்டும்.

தங்கச்சிக்கு நாம் சொன்னது, வார லீவுக்கு முந்தின நாள் காலையில் போ, மறுநாள் வீட்டில் காலை நீட்டிக்கலாம் என்பதுதான். பேர் கொடுத்துவிட்டதாம். ரப்பர் புள்ளி சாக்ஸ் எங்கே கிடைக்கும் என்று இப்போது அடுத்த போன்!