‘அம்பத்தூர்’ ஏன் 10 துண்டாகிறது?

கொரட்டூர் பட்டரவாக்கம் அம்பத்தூர் திருமுல்லைவாயல் அன்னனூர் ஆவடி. மின்ரயில் பாதையின் இந்த 6 நிலையங்களையும் ஒரே சரமாகத் தட்டி, பைத்தான் நிரல்மொழியில் ஸ்பிளிட் கொடுத்தால் பட்டியல் தயார். இடைவெளி கண்ட இடமெல்லாம் வெட்டிவிடும். ஆவடிக்கு அடுத்த ‘இந்து கல்லூரி’யையும் சேர்த்தால் அது இரண்டாகிவிடும். அப்போது காற்புள்ளியிட்டு, அங்கே வெட்டச் சொல்ல வேண்டும்.

எழுத்தெழுத்தாகப் பிரிப்பதில்தான் தமிழுக்கு உண்மையான சிக்கல். ‘அம்பத்தூர்’ 6 எழுத்து. பைத்தானின் லிஸ்ட்டோ 10 உறுப்புகள் தருகிறது. ஏன்? யூனிகோடில் மெய்யின் புள்ளிக்குத் தனி எண், ஊகாரக் குறிக்கும் தனி எண். ம், த், ர் ஆகியவற்றின் 3 புள்ளிகளும் ‘தூ’வின் குறியும் பிரிந்து நிற்கின்றன. ரூபி நிரல்மொழியின் கிராபீம் கிளஸ்டர்ஸ், பைத்தானுக்கான ஓப்பன்-தமிழ் நிரலகம் இரண்டும் சரியாக 6 தருகின்றன. தமிழ்ப் பெயர்களை நீளம் பார்த்து வெட்டும் நிரல்களுக்கு இவை போன்றவை கட்டாயம் தேவை. இல்லையேல் முதல் இரண்டெழுத்து கேட்டால் ‘அம’ என்றுதான் வரும்.