மகள் கேட்ட பவளத் தொட்டி!

பத்தாம் வகுப்பில், 450 மார்க்குக்கு மேல் வாங்கினால், கேட்டதை வாங்கித் தருவதாக மகளிடம் சொல்லியிருந்தேன். கொலுசு கேட்பாள் என்று நினைத்தேன். 462 வாங்கிவிட்டு, 'மாமா வீட்ல இருக்கற மாதிரி பவளத் தொட்டி வேணும்மா...' என்றாளே பார்க்கணும்!

என் தம்பி சிங்கப்பூரில் இருக்கிறான். கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்த்து, அதை வெட்டிப் பெருக்கி, நண்பர்களோடு மாற்றிக் கொள்வான். தையலில் சேர்த்த 8,000 ரூபாய் என் கையில் இருந்தது. அவனையே போனில் கேட்டேன்.

'புதுசா வளர்க்கறவங்க கல் பவளத்துக்குப் போகவே கூடாதுக்கா. காளான் பவளம், தோல் பவளம் மாதிரி மெத்துன்னு இருக்கறதுதான் சுலபம்' என்றான். தோல் பவளத்தில் ஒரு கிளையைக் கூரான பிளேடால் நறுக்கி, சின்னக் கல்லில் ரப்பர் பேண்டு போட்டு நிறுத்தினால், சில வாரத்தில் ஒட்டிக் கொள்ளுமாம். நாம் ரோஜாப் பதியன் போடுகிற மாதிரி! பொத்தான் பொத்தானாக இருக்கும், 'ஜோவாந்தஸ்' என்ற வகையும் லேசில் பெருகும். ஆனால், அதில் சிலவற்றில் கடும் விஷம் உண்டு. கையுறையும், கண்ணாடியும் போடாமல் வெட்டக் கூடாது. அது ஒட்டிய கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது.

பவளத்துக்கு ஆகும் செலவு கொஞ்சம்தான், தண்ணீருக்குத்தான் அதிகம். சமையல் உப்பு உதவாது. லிட்டருக்கு, 35 கிராம் வீதம் கடல் உப்புக் கலவை வேண்டும். எங்கள் போர் தண்ணீரோ குக்கர் அடியில் வெள்ளையாகப் படியும். அதனால், வடிகட்டிய தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். தொட்டித் தண்ணீர் வற்றினால், உப்பில்லாத தண்ணீரையே விட வேண்டுமாம். குழம்பு சுண்டினால் உப்புக் கரிக்கிறதே, அதே கணக்கு! எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீரின் சூடு, 25, 26 டிகிரியில் நிற்க வேண்டும். சித்திரை வெயிலில், தாடிக்கொம்பில் அது நடக்கிற காரியமா? குளிரூட்டும் மெஷின் விலையைக் கேட்டதும், என் 8,000 ரூபாய் எனக்கே சிரிப்பாக இருந்தது.

'நான் வரும்போது ரெண்டு துண்டு கொண்டு வரட்டா?' என்றான். விசாரித்தால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் விமானத்தில் கொண்டுவரக் கூடாதாம். நம் நாட்டில், கல் பவளம் எல்லாம், 2001லிருந்து, புலியைப் போலவே வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகும் சகோதரிகளே, அலங்காரத்துக்கு என்று யாராவது பவளத் துண்டை நீட்டினால், வாங்கி விடாதீர்கள்.

மகள் முகம் வாடிவிட்டது. 'அது கல்லு இல்லம்மா, உசுரு. நம்ம கடல்ல கூட இருக்கு' என்று, அவளே படித்துச் சொன்னாள். ராமேஸ்வரத்துக்கும், தூத்துக்குடிக்கும் நடுவே, மன்னார் வளைகுடாவில், 21 தீவுகளைச் சுற்றிப் பவளப் பாறைகள். அதில் இரண்டு தீவுகள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பவளத்தைப் பல காலம் வெட்டி எடுத்ததும் அதற்குக் காரணமாம். 2010லும், 2016லும் கடல் சூடேறி, பவளங்கள் வெளுத்துப் போயின. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், 2002லிருந்து, பவளத் துண்டுகளைக் கான்கிரீட் பலகையில் கட்டி, கடலுக்கடியில் நட்டு வருகிறார்கள். அவர்களும் சுலபமானதைத்தான் பொறுக்குகிறார்கள்... மான்கொம்பு போலக் கிளைவிடும், 'அக்ரோபோரா' மாதிரி, வேகமாக வளரும் வகைகள். உருண்டைப் பாறையாக வளரும் பவளம், வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே அதிகம்.

கடைசியில், இரண்டடி நன்னீர்த் தொட்டி வாங்கினோம். வாலிஸ்நேரியா செடி மூன்றும், கப்பி மீன் மூன்று ஜோடியும் விட்டோம். குக்கரைக் கெடுக்கும் எங்கள் உப்புத் தண்ணீர் இரண்டுக்கும் ரொம்பப் பிடித்திருக்கிறது! செடி, மண்ணுக்கடியில் கொடி ஓட்டி, நாலு மாதத்தில் தொட்டியை நிறைத்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு கன்று கொடுத்தாயிற்று.

செலவு போக, 5,000 ரூபாய் மிச்சம். கொலுசு வாங்கவா என்று கேட்டேன். வேண்டாமாம்; தூத்துக்குடிக்குக் கூட்டிப் போகச் சொல்கிறாள்.

— ஒரு வாசகி, தாடிக்கொம்பு.