தக்காளிக்குக் காவல் செண்டுமல்லி

ஒரு செடிக்கு அருகில் எந்தச் செடியை நடலாம்? மேலைநாட்டுத் தோட்டங்களில் லாவண்டருக்குத் துணையாக ரோஸ்மேரி, தைம் ஆகியவற்றை நடுவார்கள். மூன்றுக்குமே நல்ல வெயில் வேண்டும். வேரில் நீர் தேங்கக் கூடாது. தேவைகள் ஒத்திருக்க வேண்டும் என்பதே துணைச்செடிக்கு முதல் விதி. ஆனால் சில துணைச்செடிகள் காவல் வேலையும் பார்க்கின்றன. இதைக் காண மத்தியதரைக் கடல் நாடுகளுக்குப் போக வேண்டியதில்லை. கம்பைநல்லூர் அடங்கிய தருமபுரி மாவட்டத்தில் விளையும் தக்காளியையும் செண்டுமல்லியையும் பார்த்தாலே போதும்.

தக்காளியின் பெரும்பகைவன் காய்ப்புழு. இரவில் பறக்கும் ஒரு வகை அந்துப்பூச்சியின் புழு இது. காயைத் துளைத்துத் தலையை உள்ளே நுழைத்துத் தின்னும். உடலின் பின்பகுதி வெளியே இருக்கும். துளை விழுந்த காய் அழுகிப்போகும். மருந்து தெளிக்கலாமே என்பீர்கள். பல பூச்சிமருந்துகளைத் தாங்கும் ஆற்றலை இப்புழு பெற்றுவிட்டது. காயினுள் புகுந்தபின் மருந்து அதனைச் சரிவரத் தொடுவதும் இல்லை.

ஆனால் இந்த அந்துப்பூச்சிக்கு ஒரு பலவீனம் உண்டு. தக்காளியைவிடச் செண்டுமல்லிப் பூவில் முட்டையிடவே அது அதிகம் விரும்புகிறது. பெங்களூரிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் இதைச் சோதித்து 1994-இல் ஆய்வு முடிவை வெளியிட்டனர். 16 வரிசை தக்காளிக்கு 1 வரிசை நெட்டைச் செண்டுமல்லி என்பது அவர்கள் கண்ட கணக்கு. இவ்வாறு நடப்படும் செடிக்குக் 'கவர்ச்சிப் பயிர்' என்று பெயர்.

இதில் காலக்கணக்கு மிக முக்கியம். தக்காளி நாற்றின் வயது 25 நாள் என்றால், செண்டுமல்லி நாற்றின் வயது 40 முதல் 45 நாள் இருக்க வேண்டும். ஏன் தெரியுமா? அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லி வெறும் இலையாக நின்றால் பூச்சி ஏமாறாது. புழு விழுந்த பூக்களைப் பறித்து அழிப்பதும் அவசியம். இல்லையேல் காவல்காரனின் வீட்டிலேயே திருடன் பெருகிவிடுவான்!

மண்ணுக்குள்ளும் செண்டுமல்லி வேலை செய்கிறது. அதன் வேரிலுள்ள 'ஆல்ஃபா டெர்தியனைல்' என்னும் பொருள் நூற்புழுக்களைக் கொல்லவல்லது. ஆனால் இதற்கு ஒரு வரிசை போதாது. தக்காளிக்கு முன்பாக நிலம் முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக வளர்க்க வேண்டும்.

பள்ளித் தோட்டத்தில் நீங்களே இதைச் சோதிக்கலாம். ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு பாத்திகளில் ஒரே நாளில் தக்காளி நடுங்கள். ஒன்றில் மட்டும் செண்டுமல்லி இருக்கட்டும். நீரும் எருவும் சமமாக இடுங்கள். வாரந்தோறும் துளை விழுந்த காய்களை எண்ணிக் குறித்து வாருங்கள். எந்தப் பாத்தியில் சேதம் குறைவு என்பதை உங்கள் குறிப்பேடே சொல்லிவிடும்.