ரயில் ஊதியும் விழிக்காத குழந்தை

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி)

எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி மதுரை ரயில் பாதை செல்கிறது. இரவில் வண்டி ஊதினால் விருந்தினர்கள் திடுக்கிட்டு எழுந்து உட்காருவார்கள். ஆனால் 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்த என் சித்தி மகன் மட்டும் அசையாமல் தூங்குவான். "எவ்வளவு சமர்த்தான பிள்ளை!" என்று வீட்டில் எல்லோரும் அவனைப் புகழ்ந்தோம். நானும் புகழ்ந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு வயது முடிந்தும் அவன் பேசவில்லை. "உன் பெரிய மாமனும் நாலு வயசுலதான் பேசினான், பொறுங்க" என்றார் அம்மாச்சி. சித்திக்கு மனம் கேட்கவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு கடைக்குத் தூக்கிச் சென்றார். வெள்ளை அங்கி அணிந்த ஒருவர் குழந்தையின் பின்னால் நின்று இரண்டு முறை கை தட்டினார். பிறகு 8,000 ரூபாய்க்கு ஒரு காதொலிக் கருவியைக் கொடுத்து அனுப்பினார். அதை மாட்டினாலே தம்பி வீறிட்டு அழுவான், பிடுங்கி எறிவான். நான்கு மாதம் அந்தப் போராட்டம் நடந்தது. கருவி இப்போது பெட்டியோடு பீரோவில் இருக்கிறது.

அந்த மனிதர் யார், என்ன படித்தவர், எங்கே பதிவு செய்தவர் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படிக் கேட்கலாம் என்பதே தெரியாது. அதனால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

கேட்கும் திறனைச் சோதித்து அளப்பவர் கேட்பியல் வல்லுநர். ஆடியாலஜிஸ்ட் என்று சொல்லுகிறோம். பேச்சையும் மொழியையும் சீர்படுத்துகிறவர் பேச்சு மொழி வல்லுநர். இவரை ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால்தான் நம் ஊரில் புரியும். இருவரும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் அல்லர். அவருக்கு உதவியாளரும் அல்லர். மருத்துவர் காதின் நோயைப் பார்த்து மருந்தோ அறுவை சிகிச்சையோ செய்வார். கேட்பு எவ்வளவு மிச்சமிருக்கிறது, அதைக் கொண்டு குழந்தையை எப்படிப் பேச வைப்பது என்பது இவர்களுடைய வேலை. திக்குவாய், பிளந்த அண்ணம், பக்கவாதத்தால் சொல் மறந்துபோன முதியவர், விழுங்க முடியாத நோயாளி, இவ்வளவு பேரும் பேச்சு மொழி வல்லுநரிடம்தான் வரவேண்டும். வகுப்பில் எங்களை அதட்டி அதட்டித் தொண்டை கட்டிக்கொள்ளும் ஆசிரியைகளுக்கும் அவரிடம் பயிற்சி உண்டாம்!

சரி, கடையில் வாங்கிய கருவி ஏன் உதவவில்லை? பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மூக்குக் கண்ணாடியை நாம் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? காதும் அப்படித்தான். ஒலியின் உரப்பை டெசிபெல் என்றும் அதன் சுருதியை ஹெர்ட்ஸ் என்றும் அளக்கிறார்கள். 'ம்', 'ஊ' போன்ற ஒலிகள் தாழ்ந்த சுருதியில் இருக்கும். 'ஸ்', 'ஷ்' உயர்ந்த சுருதியில் மெலிதாக இருக்கும். ஒரு குழந்தைக்குத் தாழ்ந்த ஒலி ஓரளவு கேட்டு உயர்ந்த ஒலி அறவே கேட்காமல் இருக்கலாம். ஒவ்வொரு சுருதிக்கும் எவ்வளவு உரப்பு தேவை என்று வரைபடம் போட்டு, அதன்படி கருவியைத் திருத்த வேண்டும். அப்படிச் செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே அடியாக உயர்த்தினால், அம்மாவின் பேச்சு புரியாது. பஸ் ஹாரன் மட்டும் காதைப் பிளக்கும். என் தம்பி அழுததற்குக் காரணம் இதுதான்.

2024-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் கேட்பியல் வல்லுநரான அக்கா ஒருவர் அவனைப் பார்த்தார். கை தட்டவில்லை. முதலில் அரை மணி நேரம் கேள்விகள்தாம் கேட்டார். "சொந்தத்தில் கல்யாணமா?" என்றதும் சித்தி தலை குனிந்தார். சித்தப்பா அவருக்கு அத்தை மகன். நெருங்கிய உறவில் மணம் செய்தால் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்புக் கூடுகிறது. ஆனால் சொந்தத்தில் மணந்த எல்லோருக்கும் வருவதில்லை, இதில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம் என்று அவரே ஆறுதலும் சொன்னார். பிறகு தம்பியைத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுகளுக்குப் பின்னாலும் சிறு வில்லைகளை ஒட்டினார். காதில் ஒலி செலுத்தும்போது நரம்பிலும் மூளைத் தண்டிலும் எழும் மின் அலைகளை இயந்திரம் பதிவு செய்கிறது. இதற்குப் பெரா என்று பெயர். குழந்தை பதில் சொல்லத் தேவையில்லை, தூங்கினால் போதும். பச்சிளங் குழந்தைக்கு இதைவிட எளிய சோதனையும் உண்டு. உட்செவி தானே எழுப்பும் மெல்லிய எதிரொலியை 1978-இல் டேவிட் கெம்ப் என்ற ஆங்கிலேயர் கண்டறிந்தார். அதைக் கொண்டு சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பதுதான் இன்று உலகெங்கும் சொல்லப்படும் கணக்கு. மொழி வேர் பிடிப்பது முதல் மூன்று ஆண்டுகளில் அல்லவா? எங்கள் வீட்டில் அதில் பெரும் பகுதி போய்விட்டது.

இந்தத் தொழிலுக்கு அங்கீகாரம் எளிதில் கிடைத்துவிடவில்லை. இங்கிலாந்து மன்னர் ஆறாம் ஜார்ஜ் திக்கிப் பேசுவார். 1926 முதல் அவருக்குப் பயிற்சி அளித்தவர் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியர். அவரிடம் பட்டம் எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் அதற்குப் பட்டமே இல்லை. முதல் உலகப் போரின் அதிர்ச்சியால் பேச்சிழந்து திரும்பிய வீரர்களுக்கு உதவித் தானாகவே கற்றுக்கொண்டவர். அவரே 1935-இல் பேச்சுப் பயிற்சியாளர்களுக்கு ஒரு சங்கம் அமைவதற்குத் துணை நின்றார். தமக்குச் சான்றிதழ் இல்லாவிட்டாலும் தமக்குப் பின் வருபவர்களுக்கு வேண்டும் என்று நினைத்தாரே, அது பெரிய மனம். கேட்பியலோ இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சத்தத்தால் காது கெட்ட வீரர்களுக்காகத் தனித் துறையாக வளர்ந்தது.

நம் நாட்டில் 1965-இல் மைசூரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதுவே அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்பு நிறுவனமாக வளர்ந்து இன்றும் மானசகங்கோத்ரியில் இயங்குகிறது. அங்கும் பிற இடங்களிலும் படித்து வெளிவந்தவர்களுக்கு வெகுகாலம் வரை ஒரு குறை. அவர்கள் நான்கைந்து ஆண்டு படித்துவிட்டு ஒரு பலகை மாட்டினால், எதிர்க்கடையில் ஒன்றுமே படிக்காதவரும் அதே பலகையை மாட்டலாம். தடுக்கச் சட்டம் இல்லை.

1992-இல் பாராளுமன்றம் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டத்தை நிறைவேற்றியது. 1993 ஜூன் 22 முதல் மன்றம் சட்ட அதிகாரத்தோடு செயல்படத் தொடங்கியது. மறுவாழ்வுத் தொழிலர் யார் யார் என்று அச்சட்டம் தரும் பட்டியலில் முதல் வரியே கேட்பியல் வல்லுநரும் பேச்சுப் பயிற்சியாளரும்தான். மன்றம் ஏற்ற படிப்பைப் படித்து, மத்தியப் பதிவேட்டில் பெயர் பதிந்து, எண் பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம். பதிவை அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும். அதற்காகத் தொடர்ந்து பயிற்சி வகுப்புகளுக்குப் போகவேண்டும். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் எழுதி வைத்தது. அபராதத் தொகையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. சித்தி அந்தக் கருவிக்குக் கொடுத்ததில் அது எட்டில் ஒரு பங்கு!

2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மாவட்டந்தோறும் அமையும் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்களில் இவர்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆயினும் வீட்டில் இன்னும் "பேச்சு டீச்சர்" என்றும் "மெஷின் வைக்கிறவர்" என்றும்தான் சொல்கிறோம். நான் அந்த அக்காவிடம், "நீங்கள் டாக்டரா, நர்ஸா?" என்று கேட்டேன். "இரண்டும் இல்லை. நான் ஆடியாலஜிஸ்ட்" என்று சிரித்தார். ஒரு நாளில் பத்துப் பேருக்காவது இதைச் சொல்லவேண்டி இருக்கிறதாம். மேல்நிலையில் அறிவியல் பிரிவு எடுத்தால் இந்தப் பட்டப்படிப்பில் சேரலாம். பயிற்சி ஆண்டையும் சேர்த்து நான்கு ஆண்டு. சென்னை போரூரில் ஸ்ரீ ராமச்சந்திராவில் இருக்கிறது. மாணவியர் குறித்துக்கொள்ளலாம். பெற்றோர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது வேறு: கருவியின் விலையைக் கேட்பதற்கு முன் பொருத்துபவரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையில் பதிந்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த அக்காவின் மேசைக்கு மேலே எண் சட்டம் போட்டே மாட்டியிருந்தது.

இப்போது தம்பிக்கு அவன் காதின் அச்சில் வார்த்த, அவன் வரைபடத்துக்குத் திருத்திய கருவிகள் இருக்கின்றன. தினமும் காலையில் சித்தி அவன் பின்னால் உட்கார்ந்து ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லுவார். பேச்சின் தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை இந்த ஆறிலும் அடங்குகிறதாம். ஒவ்வொன்றும் கேட்டவுடன் அவன் ஒரு புளியங்கொட்டையை டப்பாவில் போடவேண்டும். முதல் மாதம் மூன்று கொட்டை விழுந்தது. இன்று ஆறும் விழுகின்றன. சில நாள் உற்சாகத்தில் ஏழாவதும் விழும்.

'க' ஒலி நாக்கின் பின்புறத்தில் பிறப்பதால் பார்த்துக் கற்பது கடினம். அதனால் அவனுக்கு 'க' எல்லாம் 'த' ஆகிவிடுகிறது. பேச்சுப் பயிற்சி தரும் அக்கா அதற்குத்தான் இப்போது பாடுபடுகிறார். காலையில் திண்ணையில் காகம் வந்து உட்கார்ந்தால் அவன், "தாத்தா! தாத்தா!" என்று கத்துகிறான். உள்ளே செய்தித்தாள் படிக்கும் எங்கள் தாத்தா, "இதோ வந்துட்டேன்டா" என்று ஒவ்வொரு முறையும் எழுந்து வருகிறார்.